மறுக்கும் உரிமை

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில் ரதி வேடம் பூணுபவர் மரபுப்படி ஆண்மகனே. அத்தகைய மண்ணிலிருந்து ஒரு பெண் இன்று திரைப்படத்தில் நடிக்கப் புறப்படுகிறாள் என்று கொள்வோம். முதல் வாய்ப்பிலேயே, ஆடையின்றி நடிக்கச் சம்மதமா என்று அவளைக் கேட்கின்றனர்.

சம்மதித்தால் ஒழுக்கம் பேசுவோர் தூற்றுவர். மறுத்தால் கலை பேசுவோர் கோழை என்பர். மறுப்பவளுக்கு நேர்வது என்ன என்று இரு சாராரும் கேட்பதில்லை.

கேரள அரசு 2017 இல் அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியாயிற்று. முன்பு கூறியதற்கு மேலாக உடலைக் காட்டும்படி வற்புறுத்தப்பட்ட நடிகையின் சாட்சியம் அதில் உண்டு. எழுத்து மூலமான ஒப்பந்தம் இன்மையே பல கொடுமைகளுக்கு வழிவகுத்தது என்பதும் அதிலிருந்து தெளிவாகிறது.

மலையகத்தவராகிய நமக்கு இது புதிய கதையன்று. நம் முன்னோர் கங்காணியிடம் முன்பணம் பெற்றுத் தோட்டமேறினர். அக்கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்ட நிர்வாகம் எழுதித் தருவதே 'துண்டு'. துண்டின்றி வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. 1921 இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. விலகிச் செல்ல வழியில்லாதவன் தலையசைத்ததைச் சம்மதம் என்போமா?

எனவே முடிவு அவளுடையதே. இசைவும் இழிவன்று, மறுப்பும் கோழைத்தனமன்று. ஆனால் முழுக் கதையும், காட்சியின் எல்லையும், படப்பிடிப்பில் உடனிருப்போர் யார் என்பதும், இடையில் விலகும் உரிமையும் முன்னரே எழுத்தில் வரவேண்டும். அந்த ஏட்டை வாசித்துக் கேள்வி கேட்கும் துணிவை நம் மாணவியர்க்கு ஊட்டுவது ஆசிரியர் கடமை.