வானத்து மருமகள்



பெரிய முதலியார்சாவடி என்னும் எங்கள் சிற்றூர், புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின்மேல் அமைந்தது. ஒரு புறம் கடலும் மீனவர் குப்பமும். மறுபுறம் 1968-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஆரோவில் நகரம். பல நாட்டு மக்கள் எங்கள் கடைத்தெருவில் கத்தரிக்காய்க்கு விலை பேசுவர். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு வேற்று நாட்டார் முகம் புதியதன்று. ஆயினும், வேற்று நாட்டார் கடைக்கு வருவது வேறு. வீட்டிற்கு மருமகளாய் வருவது வேறு. வேற்றுலகத்தாள் ஒருத்தியே மருமகளாய் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஜப்பானியர் ஒரு நகைச்சுவைக் கதை கட்டி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிரித்து மகிழ்ந்து வருகின்றனர். அக்கதையையும், அதனோடு ஒப்ப வைத்து நோக்கத்தக்க நம் கதைகளையும் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

அக்கதைக்குப் பெயர் 'உருசெய் யாட்சுரா'. அதனை எழுதி வரைந்தவர் ரூமிக்கோ தகாஹாஷி என்னும் பெண்மணியார். 1957-இல் நீகாட்டா நகரில் பிறந்தவர். 1978-இல், 'ஷோனென் சண்டே' என்னும் சிறுவர் வார இதழில் இச்சித்திரக்கதையைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபது, கல்லூரி மாணவி. உங்களில் பலருடைய வயதுதான்.

கதை இவ்வாறு தொடங்குகிறது. 'ஓனி' எனப்படும் அரக்கர் கூட்டத்தார் விண்கலமேறிப் பூவுலகைக் கைப்பற்ற வருகின்றனர். ஆனால் அவர்கள் முறை தவறாதவர்கள். போர் வேண்டா, பந்தயம் ஒன்று வைத்துக்கொள்வோம் என்கின்றனர். மண்ணுலகின் சார்பாக ஆடவேண்டியவனைக் கணிப்பொறி தேர்ந்தெடுக்கிறது. அகப்பட்டவன் மொரோபோஷி அதாரு என்னும் பள்ளி மாணவன். படிப்பில் நாட்டமில்லாதவன், பெண்களைக் கண்டால் பின்னால் ஓடுபவன். என் வகுப்பில் இருந்திருப்பானாயின் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியிருப்பேன். ஓனித் தலைவனின் மகள் லம் என்பவளை அவன் பத்து நாளைக்குள் துரத்திப் பிடித்து, அவள் தலையிலுள்ள கொம்புகளைப் பற்றவேண்டும்; தவறினால் உலகம் ஓனிகளுக்கு உரியதாகும். அவளோ வானில் பறப்பவள்! பிள்ளைகள் ஓடிப்பிடித்து ஆடும் ஆட்டத்திற்கு ஜப்பானிய மொழியில் 'ஓனி விளையாட்டு' என்றே பெயர். உலகத்தின் தலைவிதியைத் தெருப்பிள்ளைகளின் ஆட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியதே இக்கதையின் முதல் நகை.

இரண்டாம் நகை அதனினும் பெரிது. அதாருவுக்கு ஷினோபு என்றொரு தோழி உண்டு. "நீ வென்றால் உன்னை மணப்பேன்" என்று அவள் ஊக்கமூட்ட, கடைசி நாளில் அவன் ஒரு சூழ்ச்சி செய்து கொம்பைப் பற்றிவிடுகிறான். 'இனி எனக்குத் திருமணம்' என்று பொருள்படக் களிப்பில் கூவுகிறான். அவன் எண்ணியது ஷினோபுவை. கேட்டுக்கொண்டிருந்த லம்மோ அதனைத் தனக்கு வந்த திருமண வேண்டுகோளாகக் கொள்கிறாள். மறுப்பின்றி உடன்பட்டு, அவன் பெற்றோர் இல்லத்திலேயே குடிபுகுந்துவிடுகிறாள். அவன் வேறு பெண்களைப் பார்த்தால் அவள் உடலிலிருந்து மின்சாரம் பாயும்.

ஓனிகள் புலித்தோல் உடுத்துக் கொம்பு தரித்திருப்பதற்குக் காரணம் உண்டு. தீயவை நுழையும் வாயில் வடகிழக்கு என்பது அந்நாட்டார் பழைய நம்பிக்கை; அவர்களுடைய திசைக்கணக்கில் அது எருதும் புலியும் கூடுகின்ற மூலை. எருதிடமிருந்து கொம்பு, புலியிடமிருந்து தோல். நமக்கோ வடகிழக்கு ஈசானிய மூலை. பூசை அறைக்கு உரிய இடம். ஒரு நாட்டின் பேய்மூலை மற்றொரு நாட்டின் தெய்வமூலையாய் இருப்பதை எண்ணினால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கதையின் பெயரும் ஒரு சிலேடை. 'உருசை' என்றால் இரைச்சல். அச்சொல்லின் இறுதியில் விண்மீனைக் குறிக்கும் எழுத்தைப் பெய்து, 'விண்ணிலிருந்து வந்த இரைச்சல்காரர்' என்று ஒலிக்கச் செய்திருக்கிறார். காளமேகப் புலவர் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார். லம்மின் தாய்க்கு ஜப்பானிய மொழி தெரியாது. அவள் பேச்சு, 'மாஜாங்' என்னும் ஆட்டத்தின் வில்லைகளிலுள்ள குறிகளாகவே அச்சிடப்பட்டிருக்கும். மாமியார் மொழி மருமகனுக்கு விளங்குவதில்லை என்பதை இதைவிட நயமாகச் சொல்ல இயலுமோ?

இக்கதை 1987 வரை வந்து, 34 தொகுதிகளாயிற்று. அதற்கு முன்பே, 1981 முதல் 1986 வரை, ஃபுஜி தொலைக்காட்சியில் அசையும் சித்திரத் தொடராயிற்று. 1983 முதல் 1991 வரை ஆறு திரைப்படங்கள் வந்தன. 1984-இல் மாமொரு ஒஷி இயக்கிய இரண்டாம் படம், பள்ளி விழாவிற்கு முந்திய நாளே மீண்டும் மீண்டும் விடிவதாக அமைந்தது. மூலக்கதையின் ஆரவாரத்தைக் கனவாக்கிவிட்ட துணிவு அதில் உண்டு. 2022-இல் புதிதாக மீண்டும் தொடராக்கி, 2024-இல் முடித்தனர். பாட்டி சிரித்த கதைக்குப் பேத்தியும் சிரிக்கிறாள் என்பதன் பொருள் இதுவே.

இதனை நான் வெறும் வேடிக்கையாகக் கருதவில்லை. ஜப்பானியரின் மிகப் பழைய கதைகளுள் ஒன்று 'மூங்கில் வெட்டி கதை'. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. மூங்கிற் கணுவுள் கிடைத்த ககூயா என்னும் பெண் குழந்தை வளர்ந்து பேரழகி ஆகிறாள், பேரரசனே விரும்புகிறான், ஆயினும் அவள் நிலவுலகத்தவள் ஆதலின், அவ்வுலகத்தார் வந்து அழைத்துச் செல்ல, அழுதுகொண்டே போய்விடுகிறாள். வேற்றுலகத்தாள் திரும்பிப் போகவேண்டும் என்பதே பழைய விதி. வரலாற்றிலும் அப்படித்தான், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நியர்க்குக் கதவடைத்திருந்த நாடு ஜப்பான். 1853-இல் அமெரிக்கரின் கரிய கப்பல்கள் வந்து அச்சுறுத்திய பின்னரே அக்கதவு திறந்தது. அத்தகைய நாட்டில், இருபது வயதுப் பெண்ணொருத்தி பழைய விதியை மாற்றி எழுதினாள். லம் போகவில்லை. பக்கத்து வீட்டாரோடு பழகி, அதாருவின் பள்ளியிலேயே சேர்ந்து, தெருவில் ஒருத்தி ஆகிவிட்டாள். இறுதி அத்தியாயத்தில் அதே ஓட்டப்பந்தயம் மறுபடி வருகிறது. 'உன்னை விரும்புகிறேன்' என்று ஒரு சொல் சொன்னாற் போதும் என்கிறாள் அவள். அந்தச் சோம்பேறி அச்சொல்லைச் சொல்லவே இல்லை. ஆயினும் அவள் அவனை விட்டுப் போகவுமில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மணிமேகலையில் பீலிவளை என்றொரு நாக நாட்டு இளவரசி வருகிறாள். புகார் நகரத்துக் கடற்கரைச் சோலையில் சோழ மன்னன் அவளைக் கண்டு காதலிக்கிறான். ஒரு திங்கள் உடனிருந்தபின், சொல்லாமற் கொள்ளாமல் மறைந்துவிடுகிறாள். பின்னர் அவள் பெற்ற மகனைக் கம்பளச் செட்டி என்னும் வணிகன் வழியாகக் கப்பலில் அனுப்ப, கப்பல் உடைந்து குழந்தை காணாமற் போகிறது. மகனைத் தேடிய துயரில் மன்னன் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. வேற்றுலகத்தாளை விரும்பியதற்கு ஒரு பட்டினமே விலையாகிவிட்டது.

ஈராயிரம் ஆண்டு மரபை ஒரே தாவலில் தாண்டி 1963-க்கு வருகிறேன். ககாரின் விண்ணில் வலம் வந்து ஈராண்டு கழிந்திருந்தது. கேரளத்துத் தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் எழுந்ததும் அவ்வாண்டு நவம்பரில்தான். அந்த 1963-இல் அ. காசிலிங்கம் இயக்கி, எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்த 'கலை அரசி' வெளிவந்தது. கே. வி. மகாதேவன் இசையமைத்தார். வேற்றுலகம் ஒன்றில் விஞ்ஞானம் ஓங்கியிருக்கிறது. ஆடலும் பாடலும் இல்லை. ஆகவே அவ்வுலகத்தார் பூமிக்கு வந்து, வாணி என்னும் பாடகியைக் கவர்ந்து செல்கின்றனர். கவர்ந்து செல்பவராக நடித்தவர் எம். என். நம்பியார். காதலன் மோகன் அவ்வுலகம் சென்று, விகடனாக வேடமிட்டு அவளை மீட்கிறான். விண்கலம், காதல், நகைச்சுவை மூன்றும் ஒரு படத்தில் கூடின. லம்மின் கதை பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டு முன்னரே நம்மவர் இம்முயற்சியில் இறங்கிவிட்டனர் என்பதை நீங்கள் மறக்கலாகாது.

கலைக்காகச் சிறைப்படுத்தும் இக்கருத்தும் நமக்குப் பழையதே. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில், பிரச்சோதன மன்னன் பொறியால் இயங்கும் போலி யானையை அனுப்பி உதயணனைச் சிறைபிடிக்கிறான். சிறைப்பட்டவன் அம்மன்னன் மகள் வாசவதத்தைக்கு யாழ் கற்பிக்கிறான். கற்பித்தவனும் கற்றவளும் காதலராகின்றனர். அங்கே பகைவர் மகளே மனைவியானாள். 'கலை அரசி'யிலோ வந்தவரோடு உறவே இல்லை. நம் பெண்ணை மீட்டுக்கொண்டு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

அடுத்துக் குறிப்பிடத்தக்கவர் எழுத்தாளர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராய் இருந்தவர். 1980-களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடரில், நிலா என்னும் பெண்ணுக்குத் துணையாக ஜீனோ என்ற இயந்திர நாய் வருகிறது. அது புத்தகம் படிக்கும், வாதிடும், மனிதரைவிடக் கூர்மையாகச் சிந்திக்கும். அத்தொடர் தூர்தர்ஷனிலும் வந்தது. 'மீண்டும் ஜீனோ' எனத் தொடர்ச்சியும் எழுந்தது. தமிழ் வாசகர் ஜீனோவை வீட்டுப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டனர். அது நாயாய்ப் பிறந்த நல்வினை என்றே சொல்வேன். ஆண்மகனாக உருவாக்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை 2010-இல் கண்டோம்.

அவ்வாண்டு வெளிவந்த 'எந்திரன்' படத்தின் வசனத்திலும் சுஜாதாவின் பங்கு உண்டு. ஆயினும் படம் திரைக்கு வருமுன், 2008-இல் அவர் காலமாகிவிட்டார். ஷங்கர் இயக்கினார். வசீகரன் என்னும் அறிஞர் படைத்த சிட்டி என்னும் எந்திர மனிதனாகவும் அவ்வறிஞராகவும் ரஜினிகாந்த் நடித்தார். சிட்டிக்கு உணர்ச்சியை ஊட்டியதும், அது வசீகரன் மணக்கவிருக்கும் சனாவையே காதலிக்கத் தொடங்குகிறது. அவளைக் கடித்த கொசுவைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்க வைக்கும் காட்சி தூய நகைச்சுவை. லம்மின் ஊரில் நடந்திருக்கத்தக்கது. ஆனால் சிரிப்பு அதற்குமேல் நீடிக்கவில்லை. காதல் மறுக்கப்படுகிறது, எந்திரம் துண்டாடப்பட்டுக் குப்பைமேட்டில் எறியப்படுகிறது, தீயவர் கைப்பட்டு நகரை அழிக்கிறது, முடிவில் நீதிமன்றத்தின் ஆணைப்படி தன்னைத் தானே கழற்றிக்கொண்டு அருங்காட்சியகப் பொருளாகிறது. அப்படம் 2012-இல் ஜப்பானிலும் திரையிடப்பெற்றது. லம்மோடு வளர்ந்த அந்நாட்டார் சிட்டியைக் கழற்றும் காட்சியை எவ்வாறு பார்த்திருப்பர் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

2018-இல் '2.0' என இரண்டாம் படம் வந்தது. சிட்டியை மீண்டும் பொருத்தி எழுப்பினர். இம்முறை அதற்கு ஒரு துணையும் உண்டு. நிலா என்னும் எந்திரப் பெண். எந்திரத்திற்கு எந்திரம்! கூடாத இடத்தில் மனம் வைத்த பையனுக்குச் சொந்தத்திலேயே பெண் பார்த்து முடித்ததுபோல் ஆயிற்று. படமெடுத்தவர்கள் அவ்வாறு கருதிச் செய்தார்கள் என்று நான் கூறவில்லை. கருதாமல் வந்தது என்பதே என்னை வருத்துகிறது.

ஏன் வருத்துகிறது என்று கேட்பீர்கள். நான் பணியாற்றிய பள்ளியொன்றில் கணக்கில் எப்போதும் முதலாவதாக வரும் மாணவி ஒருத்தி இருந்தாள். வேறு தெருவைச் சேர்ந்த பையனோடு பேருந்து நிறுத்தத்தில் நின்று பேசினாள் என்பதற்காகப் பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டனர். தந்தையாரை நேரிற் கண்டு பேசினேன். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். "ஐயா சொல்வது நியாயந்தான். எங்கள் சனம் ஒத்துக்கொள்ளாதுங்களே" என்றார். அந்த இரண்டு தெருக்களுக்கும் இடையே உள்ள தொலைவு இருநூறு அடிகூட இராது. நிலவுலகத்திற்கும் மூங்கில் வெட்டியின் குடிசைக்கும் இடையே உள்ள தொலைவு அதைவிடப் பெரிதாகத் தோன்றவில்லை எனக்கு. விலகி வாழும் மனிதர், விண்ணைப் பற்றிக் கதை எழுதும்போதும் தம் தெருவையே எழுதுகின்றனர்.

ஆனால் நம் மரபில் வேறொரு குரலும் உண்டு. பெரும்பாணாற்றுப்படைக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் ஒரு கதை கூறுகிறார். சோழன் ஒருவன் நிலத்தின் கீழுள்ள குகைவழியே நாகருலகம் சென்று, நாககன்னி ஒருத்தியைக் கூடுகிறான். பிறக்கும் மகனை என் செய்வது என அவள் வினவ, தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுக. கரை சேர்ந்தால் அவனுக்கு ஆட்சி அளிப்பேன் என்கிறான். அவ்வாறே அவளும் விடுகிறாள். பீலிவளையின் மகனை விழுங்கிய அதே கடல், இம்மகனைக் கரை சேர்க்கிறது. சோழனும் சொன்ன சொல் தவறவில்லை. திரை தந்தமையால் அவன் திரையன். கொடி அணிந்தமையால் தொண்டைமான். பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய தொண்டைமான் இளந்திரையன் அவனே. காஞ்சியிலிருந்து அவன் ஆண்ட நாடு தொண்டை நாடு. தென்பெண்ணை ஆற்றுக்கு வடக்கே கிடக்கும் மரக்காணத்து உப்பளங்களும், எங்கள் பெரிய முதலியார்சாவடியும் அந்த நாட்டு எல்லைக்குள் அடங்கியவை.