கருமரமும் உரிமை பெற்ற ஊர்களும்

கிளாரினெட், ஓபோ முதலிய ஊதுகருவிகளை ஐரோப்பியர் முற்காலத்தில் பாக்ஸ்வுட் என்னும் மஞ்சள்நிற மரத்தால் செய்தனர். 19ஆம் நூற்றாண்டில் வெப்பமண்டல வன்மரங்களுக்கு மாறினர். அவற்றுள் தலையாயது ஆப்பிரிக்கக் கருமரம். சுவாகிலி மொழியில் இதனை ‘முபிங்கோ’ என்பர். நம் நாட்டுத் தோதகத்தியின் இனத்தைச் சேர்ந்தது. இதன் வைரம் நீரில் மூழ்குமளவு கனமானது. ஊதுவோரின் மூச்சீரத்தால் எளிதில் உருமாறாது. துளைகளைப் பிசிறின்றிக் கடையலாம். வெட்டும் பருவமடைய 70 ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும்.

இம்மரம் விளையும் தான்சானியாவின் பெருநிலப்பகுதி 1961இல் விடுதலை பெற்றது. ஆயினும் காட்டருகே வாழ்ந்த ஏழை உழவருக்கு மரத்தின் விலையில் உரிய பங்கு கிட்டவில்லை. 2002ஆம் ஆண்டு வனச் சட்டம், ஊரார் தம் ஊர்க்காட்டைத் தாமே காத்து, வருவாயையும் தாமே பெற வழிவகுத்தது. சட்டம் தானே நடந்து வந்து எவர் கதவையும் தட்டுவதில்லை. கில்வா மாவட்டத்துச் சிற்றூரார் எல்லை வகுத்தனர், மரங்களைக் கணக்கெடுத்தனர், குழு அமைத்தனர். 2009இல் எஃப்.எஸ்.சி. என்னும் பன்னாட்டு வனச்சான்றினைப் பெற்றனர். ஊராரே பேணும் இயற்கைக் காட்டிற்கு ஆப்பிரிக்காவில் அச்சான்று கிடைத்தது அதுவே முதன்முறை.

இளைஞர்களே! இசையைக் கேட்போர் ஊதுபவனை அறிவர். மரத்தைக் காத்தவனை அறியார். 1892 முதல் நம் முன்னோர்க்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுள் பல கைமாறிப் போயின. ஏட்டில் உள்ள உரிமையைக் கைக்கு உரிமையாக்குவன கல்வியும் ஒற்றுமையுமே. கில்வா மக்களின் வரலாறு உணர்த்துவதும் அதுவே.