நாகதாளியின் வரலாறு

இலங்கையின் கிழக்குக் கரையோரத்தில், அட்டாளைச்சேனை போன்ற ஊர்களில் வாழ்வோர்க்கு நாகதாளி புதிய பெயரன்று. தண்டிலே நீரைத் தேக்கி வறட்சியை வெல்லும் இத்தாவரம் இம்மண்ணுக்கு உரியதன்று; அமெரிக்கக் கண்டத்திலிருந்து மனிதரால் கொண்டுவரப்பட்டதாகும். அது பெருகியதும் அருகியதும் மனிதரின் தேவையையும் தவறையும் ஒட்டியே நிகழ்ந்தன.

நாகதாளியை உண்டு வாழும் கொச்சினீல் எனும் சிறு பூச்சியை உலர்த்தினால் சிவப்புச் சாயம் கிடைக்கும். இச்சாய வணிகம் நெடுங்காலம் ஸ்பானியர் கையிலேயே இருந்தது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியும் அதனைப் பெற விழைந்தது. சென்னைச் சைதாப்பேட்டையில் வைத்தியர் ஜேம்ஸ் அண்டர்சனின் முயற்சியால் நாகதாளித் தோட்டம் அமைந்தது. 1795இல் கப்டன் நீல்சன் பிறேசிலிலிருந்து அப்பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் இனமன்று, வேறோர் இனமே. சாயம் தேறவில்லை, செடிகளோ மடிந்தன. வடஇந்தியாவில் மண்டிக் கிடந்த நாகதாளியும் அழிந்தது.

இத்தோல்வியிலும் ஒரு பயனைக் கண்டனர். 1836க்கும் 1838க்கும் இடையில் தென்னிந்தியாவிலும், 1865க்குச் சற்று முன்னர் இலங்கையிலும் அப்பூச்சி களையொழிப்புக்கென்றே பரப்பப்பட்டது. களையை உயிரினங்கொண்டு அடக்கும் முறையின் முதல் வெற்றியாக இது கருதப்படுகின்றது. 1896இல் பூச்சியியலாளர் கிறீன் இதற்கு இலங்கையின் பெயரை இட்டமையால், தென்னமெரிக்கப் பூச்சியொன்று இன்றும் 'சிலோனிக்கஸ்' என வழங்குகின்றது.

ஆயினும் இப்பூச்சி ஓரினத்தையே அழித்தது. முள்மிக்க மற்றோர் இனத்தை அடக்கவில்லை. அதற்கென 1924இல் வேறொரு கொச்சினீல் இனம் அவுஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு வந்தது. 1926இல் இங்கிருந்து இந்தியாவுக்குச் சென்றது. தென்னிந்தியாவின் பல மாவட்டங்களில் நாகதாளிப் புதர்கள் சில ஆண்டுகளில் அருகின.

நாகதாளி எங்கும் களையன்று. மொரோக்கோவில் அதன் நெருங்கிய இனமொன்று பழத்துக்காகவும் கால்நடைத் தீவனத்துக்காகவும் பயிரிடப்படுகின்றது. 2014இல் அங்கு தோன்றிய பூச்சி, இலங்கைக்கு 1924இல் வந்த அதே இனமாகும். இங்கே உழவர்க்குத் துணையாக அழைக்கப்பட்டது, அங்கே தோட்டங்களை அழித்து உழவரின் வாழ்வைப் பறித்தது. களை, பயிர் எனும் பாகுபாடு மனிதர் வகுத்தது. பூச்சி அதனை அறியாது. ஓர் உயிரை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்வோர், அது சென்றடையும் இடங்கள் அனைத்தையும் தம்மால் முன்னறிய இயலாது என்பதை மறத்தலாகாது. நாகதாளியின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.