தாம்பரம் ரயிலில் ஊர்ந்த பாம்பு

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்புறநகர் என்னும் வாழ்க்கைமுறைக்கு அடித்தளம் அதுவே. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் மனை வாங்கிய குமாஸ்தா, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் சொந்தமில்லாத ஒரு மணிநேரத்தையும் சேர்த்தே வாங்கினார். அந்நேரத்தில் வார இதழ் படித்தனர், சீட்டாடினர், உறங்கினர். பொழுதற்ற பெரியவர்களிடம் வீடியோ விளையாட்டு வந்து சேர்ந்ததும் அந்த ஒரு மணிநேரத்தில்தான்.

வீடியோ விளையாட்டின் வரலாறு என்றால் சிறுவர்களும் தொலைக்காட்சிப் பெட்டியுமே நினைவுக்கு வருகின்றனர். நம் புறநகரில் அது சட்டைப்பை வழியாகவும் வந்தது. 1997இல் வெளியான நோக்கியா 6110 கைப்பேசிக்காகப் பின்லாந்துப் பொறியாளர் தனேலி அர்மான்ட்டோ பாம்பு விளையாட்டை உருவாக்கினார். 2003இல் டார்ச் விளக்கோடு வந்த 1100, அப்பாம்பைச் சாமானியரிடமும் சேர்த்தது. இரண்டு, நான்கு, ஆறு, எட்டு: நான்கே பொத்தான்கள். இரை தின்னத் தின்னப் பாம்பு நீளும். தன் உடலைத் தானே தீண்டினால் ஆட்டம் முடிந்தது. மீனம்பாக்கத்தில் தொடங்கினால் கிண்டிக்குள் இரண்டு முறை சாகலாம். இறங்கும் அவசரத்தில் பாதியில் விட்டாலும் பாம்பு கோபித்துக்கொள்ளாது. பள்ளிக் கட்டணமும் மேலாளரின் முகமும் நெஞ்சை நெருக்கும் நடுவயதினரை இவ்வளவு மரியாதையாக நடத்திய விளையாட்டு பிறிதொன்றில்லை என்பது நம் எண்ணம்.

2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தது. ஷிஃப்ட் முறையில் அங்கே கைப்பேசி செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட, ஊராரின் பொழுதுபோக்கைச் செய்துகொடுத்த கைகள் வேலையிழந்தன.

அதற்குள் தொடுதிரை வந்துவிட்டிருந்தது. 2012இல் அறிமுகமான கேண்டி கிரஷ் ஐந்து உயிர்கள் தரும். இழந்த ஓர் உயிர் திரும்ப முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். பாம்பு நமக்காகக் காத்திருந்தது. மிட்டாய்க்காக நாம் காத்திருந்தோம். பிறகு அதே திரையில் பணம் வைத்தாடும் ரம்மி வந்தது. கடனும் தற்கொலைகளும் செய்தியாகவே, 2022இல் நீதியரசர் கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது, சட்டம் வந்தது; 2023இல் உயர்நீதிமன்றம் ரம்மிக்கு அத்தடை செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் வந்த விதிகள் அவ்வகை ஆட்டங்களை நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை மூடச் சொல்லின. (மின்சார ரயில் ஓய்வதும் ஏறத்தாழ அந்நேரம்தான்!) அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்துக்கும் தடைச்சட்டம் இயற்றியது. பந்தயமில்லாத மிட்டாய் அதில் அகப்படவில்லை. அதன் முப்பது நிமிடக் கணக்கு தொடர்கிறது.