மரச்சீனியில் ஏது சீனி?

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் வந்து ‘மரவள்ளி’ என்று கேட்டால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். எங்களுக்கு அது மரச்சீனி. வீட்டுக்குள் வெறும் ‘கிழங்கு’. சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு. இனிப்பே இல்லாத இதற்குள் சீனி எப்படிப் புகுந்தது?

சர்க்கரைவள்ளிக்குத் தென்மாவட்டங்களில் சீனிக்கிழங்கு என்றும் சீனிவள்ளி என்றும் பெயர் உண்டு. அது தரையில் படரும் கொடி. தென்னமெரிக்காவிலிருந்து வந்த புதுச்செடியோ ஆளை மறைக்கும் உயரத்தில் மரம்போல் நின்றது. சீனிவள்ளியிலிருந்து மற்றவர்கள் வள்ளியை எடுத்து மரவள்ளி என்றார்கள் போலும். நாங்கள் சீனியை எடுத்துக்கொண்டோம் என்றே எனக்குப் படுகிறது. மலையாளத்திலும் மரச்சீனிதான். 1956 நவம்பர் 1 வரை நாங்களும் மலையாளிகளோடு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தோம்.

அறியாத உணவை வாயில் வைக்க மனம் கூசும். தெரிந்த கிழங்கின் பெயரைச் சூட்டிவிட்டால் அந்தக் கூச்சம் பாதி போய்விடும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிச் சாகுபடியை ஊக்குவித்துப் பரப்பினார். 1942-இல் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்து அரிசிக் கப்பல்கள் நின்றபோது, திருவிதாங்கூரின் ஏழை வீடுகளைத் தாங்கியது இந்தக் கிழங்குதான்.

அந்தக் காலத்தில் வளர்ந்தவள் என் பாட்டி. வயிறு நிறையக் கிழங்கு தின்று கை கழுவிய பிறகும், “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால், “கிழங்குதான் மக்ளே, இன்னும் சோறு திங்கல்ல” என்பாள். வயிறு அடங்கிய பிறகும் மனசில் கிடந்த பசி அது. பக்கத்தில் நாஞ்சில் நாட்டு வயல்களில் நெல் விளைந்துகொண்டிருக்க, கிழங்கு தின்றதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவள் கைப்பக்குவத்தை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. பச்சைக் கிழங்கில் சயனைடைத் தரும் பொருள் உண்டு, கசப்பு ரகத்தில் அதிகம். அவள் தோலுரித்து, நறுக்கி, நிறைய வெள்ளம் விட்டு வேகவைத்து, அந்த வெள்ளத்தை ஒட்ட வடித்துக் கொட்டிவிடுவாள். நஞ்சில் பெரும்பகுதி அதோடு போய்விடும். மிஞ்சுவதை முறிக்க உடலுக்குக் கந்தகம் கலந்த புரதம் வேண்டும். கிழங்கிலோ 100 கிராமுக்கு ஒன்றரை கிராம் புரதம்கூடத் தேறாது. அந்தக் குறையைத் தீர்த்தது பக்கத்துக் கடலில் கிடைத்த சாளை மீன்.

கிழங்குக்கு மீன்கறி இல்லாத நாளில் பாட்டி எங்களுக்குக் குறைவாகத்தான் விளம்புவாள். காரணம் கேட்டால், “வெறுங்கிழங்கு ஆகாது” என்பாள்.