ரி.பி. ஜாயா: முதலில் ஆசிரியர்

ஜாயா அவர்களை நாம் அரசியல்வாதியாகவே நினைவுகூருகிறோம். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாப் பக்கமிருந்து வந்த மலாயர் வழியில், 1890இல் கலகெதரயில் பிறந்தவர், சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மை. 1921இல் கொழும்பு ஸாஹிராவைப் பொறுப்பேற்றபோது மாணவர்கள் வெறும் 59 பேர். 1924இல் சட்டநிரூபண சபை, 1936இல் அரசாங்க சபை என்று போனபோதும் அதிபர் கதிரையை விடவில்லை. கம்பளை, புத்தளம், மாத்தளை என்று கிளைகள் திறந்தார். லக்கலப் பிள்ளைக்கும் ஸாஹிரா எட்டும் தூரத்துக்கு வந்தது அப்படித்தான். மந்திரிப் பதவியைவிட இதுவே பெரிது என்போம்.

சுதந்திர மசோதா விவாதத்தில், சமூகத்துக்கு இத்தனை ஆசனம் என்று பேரம் பேசாமலே ஆதரித்தார். அந்த நம்பிக்கைக்கு நாடு எவ்வளவு ஈடு கொடுத்தது என்பதை நாமே கணக்குப் பார்க்கலாம்.

1947இல் மத்திய கொழும்பில் வென்று தொழில், சமூக சேவை அமைச்சரானார். 1960இல் மதீனாவில் வபாத்தானார். நல்லடக்கம் ஜன்னத்துல் பகீயில்.