மண் தின்ற இளைஞன்

1958. ஈரானின் ஷிராஸ் நகர மருத்துவமனைக்கு ஒருவன் வந்தான். பார்வைக்குப் பத்து வயதுப் பையன். மீசை அரும்பவில்லை. ஈரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன, தோல் சொரசொரவென்று காய்ந்திருந்தது, கடுமையான ரத்தசோகை வேறு. சாப்பாடு வெறும் கோதுமை ரொட்டி. போதாக்குறைக்குக் களிமண்ணையும் தின்றுகொண்டிருந்தான். அவனுடைய உண்மையான வயது 21!

பரிசோதித்தவர்களில் ஒருவர் ஆனந்த பிரசாத். பீகாரின் பக்ஸரில் பிறந்து, அமெரிக்காவில் படித்துவிட்டு அப்போதுதான் ஷிராஸ் வந்திருந்த இளம் மருத்துவர். இரும்புச்சத்து மருந்தும் மருத்துவமனைச் சாப்பாடும் கொடுத்ததில் ரத்தம் ஊறியது. பருவ மாற்றங்களும் தலைகாட்டின. இரும்புதான் காரணம் என்று கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் இரும்பு குறைந்த விலங்குகளுக்கு வளர்ச்சி இப்படி நின்றுபோவதில்லையே! அதற்குள் இவனைப் போலவே இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள்.

துத்தநாகம் இல்லாவிட்டால் எலி வளராது என்பது 1934லேயே தெரியும். மனிதனுக்கு அந்தக் குறை வரவே வராது, அதுதான் எல்லா உணவிலும் இருக்கிறதே என்று நிபுணர்கள் நம்பினார்கள். இவர்களுக்குத் துத்தநாகம்தான் குறையோ என்ற தன் சந்தேகத்தை ஷிராஸில் நிரூபிக்க வழியில்லாமல் பிரசாத் எகிப்துக்குப் போனார். அங்கும் கிராமங்களில் அதே குள்ள இளைஞர்கள்! ரத்தத்தில், முடியில் என எங்கு அளந்தாலும் துத்தநாகம் குறைவு. அதை மட்டும் மருந்தாகக் கொடுத்தபோது, ஒரே வருடத்தில் ஐந்தாறு அங்குலம் வளர்ந்தார்கள். அப்படியானால் சாப்பாட்டில் இருந்த துத்தநாகம் எங்கே போனது?

குற்றவாளி, தினமும் தின்ற ரொட்டிதான். தவிட்டிலுள்ள ஃபைடேட் என்ற பொருள் துத்தநாகத்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மாவைப் புளிக்க வைத்தால் ஃபைடேட் ஓரளவு சிதையும். புளிக்காத ரொட்டியில் அதற்கும் வழியில்லை. மிச்சத்தைக் களிமண் பார்த்துக்கொண்டது.

பிரசாத்தை உலகம் சட்டென்று ஏற்கவில்லை. பெரியவர்களுக்குத் தினம் 15 மில்லிகிராம் துத்தநாகம் தேவை என்று அமெரிக்க அறிவியல் அகாதமி 1974ல்தான் அறிவித்தது. கதை அதோடு முடியவில்லை. 1995ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, புது டெல்லியில் வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைகளுக்குத் துத்தநாகம் கொடுத்துப் பார்த்தார்கள். பேதி சீக்கிரம் நின்றது!

2004ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அதைப் பரிந்துரைத்தன. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோடு தருகிறார்களே, ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துப் புகட்டும் அந்த ஜிங்க் (துத்தநாக) மாத்திரை, அது பிறந்த கதைதான் இது. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே பாதி. பேதி நின்றதும் பல வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. 14 நாளும் கொடுத்து முடித்தால்தான், அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்குப் பேதி திரும்பும் வாய்ப்பு குறையும்.